தண்ணீர் போன வழியே

படகின் எஞ்சின் சூட்டு அலாரம் அடித்தபோது, மொரிஷியஸுக்கு வடக்கேயுள்ள குவான் தெ மீர் தீவு எங்களுக்கு இடப்பக்கம் இருந்தது. ஆகஸ்ட் மாத ஞாயிறு, மதியம் இரண்டரை மணி. இல் ப்ளாத் தீவில் சமைத்துச் சாப்பிட்டுவிட்டுக் கிராண்ட் பே ஊருக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். படகில் நான், மனைவி, மச்சான், அவனுடைய பத்து வயது மகன். மொரிஷியஸில் ஆகஸ்ட் குளிர்காலம். தென்கிழக்குக் காற்று பகல் முழுக்க ஓயாது. அந்தக் காற்றை ஒட்டிப் பாய் பிடித்து வந்தால் இருட்டிவிடும் என்று, பாயைச் சுருட்டிவிட்டு எஞ்சினில் நிமிடத்துக்கு 2,400 சுற்றில் வந்துகொண்டிருந்தோம்.

நான் செய்த முதல் காரியம், எஞ்சின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் திராட்டிலை அடிமட்டத்துக்குக் குறைத்தது. மச்சான் பின்பக்கம் குனிந்து, புகையும் எஞ்சினைக் குளிர்வித்த கடல்நீரும் வெளியேறும் எக்ஸாஸ்ட் வாயைப் பார்த்தான். “அத்தான், தண்ணியே வரல. ஆவிதான் வருது” என்றான். உடனே எஞ்சினை நிறுத்தினேன். இந்த இரண்டு படிகளும் முக்கியம் என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அலாரம் அடித்ததும் சாவியைத் திருப்பி அணைக்கத்தான் கை போகும். எக்ஸாஸ்டில் தண்ணீர் வந்துகொண்டிருந்தால் அப்படி அணைக்கக் கூடாது. சுமையில்லாமல் சில நிமிடம் ஓடவிட்டால் உள்ளே தேங்கிய சூட்டைத் தண்ணீரே கொண்டுபோய்விடும். தண்ணீர் வரவில்லை என்றால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கக் கூடாது. ஆகவே அலாரம் கேட்டதும் பார்க்கவேண்டிய இடம் எக்ஸாஸ்ட் வாய். டயலில் முள் ஏறுவதற்குள் எக்ஸாஸ்ட் ஹோஸ் வெந்தே போயிருக்கும்.

பிறகு பாயை ஏற்றினோம். கிராண்ட் பே வளைகுடா வடமேற்குப் பார்த்துத் திறந்தது. தென்கிழக்குக் காற்று ஊர்ப் பக்கமிருந்து நேராக வாய்க்கு வெளியே வீசும். பாயை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக மாற்றி மாற்றி, எட்டு முறை திருப்பி, வெளிச்சம் போகிற நேரத்தில் நங்கூரம் போட்டோம். பையன் பயப்படவில்லை. எனக்குத்தான் தொண்டை உலர்ந்திருந்தது.

எங்கள் படகைப் பற்றிக் கொஞ்சம். முப்பத்தோரு அடி, ஃபைபர், 1979இல் கட்டியது. எனக்கு முன் அதற்கு நான்கு பேராவது சொந்தக்காரர்கள் இருந்திருக்கிறார்கள். எஞ்சின் இரண்டு சிலிண்டர் டீசல். படகைவிட வயதில் இளையது, எப்போதோ மாற்றியிருக்கிறார்கள். நான் தூத்துக்குடிக்காரன். அப்பா கொழும்புக்குச் சரக்கு ஏற்றிப்போகும் தோணியில் வேலை பார்த்தவர். அந்தத் தோணிகளில் பாயை நம்பியிருந்த காலமும் எஞ்சின் வந்த காலமும் இரண்டுமே அவர் பார்த்தது. நான் போர்ட் லூயியில் ஒரு ஜவுளி நிறுவனத்தில் கணக்கு எழுதுகிறேன். கடல் ஆசை ரத்தத்தில் வந்தது. எஞ்சின் அறிவு வரவில்லை. அதை இந்த மூன்று மாதத்தில்தான் கற்றுக்கொண்டேன்.

எங்கள் எஞ்சினில் தண்ணீர் இரண்டு வழியாக ஓடுகிறது. உள்சுற்றில் கூலன்ட் என்னும் குளிர்விக்கும் திரவம்: எஞ்சினைச் சுற்றிவந்து, சூடேறினால் திறக்கும் தெர்மோஸ்டாட் வால்வு வழியாக, சூட்டைக் கடல்நீருக்குக் கைமாற்றும் ஹீட் எக்ஸ்சேஞ்சருக்குப் போய், ஆறித் திரும்பும். வெளிச்சுற்றில் கடல்நீர்: படகின் அடியிலுள்ள சீகாக் என்னும் திறந்து மூடும் வால்வு வழியாக உள்ளே வந்து, ஸ்ட்ரெய்னர் என்னும் வடிகட்டியில் வடிந்து, இம்பெல்லர் என்னும் ரப்பர் இதழ்ச் சக்கரம் சுழலும் பம்ப்பைக் கடந்து, எக்ஸ்சேஞ்சரின் மெல்லிய குழாய்களுக்குள் ஓடி, கூலன்டின் சூட்டை வாங்கிக்கொண்டு, கடைசியில் எல்போ என்னும் வளைவுக்குழாயில் புகையோடு கலந்து பின்பக்கம் கொட்டும். பழைய எஞ்சின்கள் சிலவற்றில் உள்சுற்றே கிடையாது, கடல்நீர்தான் எஞ்சினுக்குள்ளும் ஓடும். அவற்றில் தெர்மோஸ்டாட் நாற்பது டிகிரியை ஒட்டித் திறந்துவிடும். அதற்கு மேல் சூடேறவிட்டால் உப்பு உள்சுவரில் படிந்து வழியை அடைத்துவிடும். எங்களுடையது 71 டிகிரியில் திறப்பது. உங்கள் எஞ்சின் எந்த வகை என்று தெரியாமல் தெர்மோஸ்டாட் வாங்கவே கூடாது.

திங்கள் சாயங்காலம் வேலையை ஆரம்பித்தேன். முதலில் மூழ்கிப் பார்த்தேன். சீகாக் வாயில் பாசியோ பிளாஸ்டிக் பையோ இல்லை. உள்ளேயிருந்து சீகாக்கை மூடி, ஹோஸைக் கழற்றி, மெதுவாகத் திறந்தேன். தண்ணீர் தடிமனாகப் பீறிட்டது. அப்படியானால் அங்கே அடைப்பில்லை. ஸ்ட்ரெய்னரில் கடற்புல் கொஞ்சம். அதன் மூடியிலிருந்த ரப்பர் வளையம் வெடித்திருந்தது. அந்த வெடிப்பு வழியாகப் பம்ப் தண்ணீருக்குப் பதில் காற்றை இழுக்கும். கண்ணாடி மூடியுள்ள ஸ்ட்ரெய்னராக இருந்தால் குமிழி ஓடுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். வளையத்தை மாற்றினேன்.

அப்புறம் பம்ப். ஸ்க்ரூக்களைக் கழற்றி மூடித்தகட்டை எடுத்தால், ஆறு இதழ் இருக்கவேண்டிய இம்பெல்லரில் மூன்றுதான் இருந்தது. வளையத்தில் காற்று புகுந்து, இம்பெல்லர் உலர்ந்து சுழன்று, இதழ் பிய்ந்திருக்கிறது. தண்ணீர் இல்லாமல் ஒரு நிமிடம் ஓடினாலே அந்த ரப்பர் போய்விடும். புது இம்பெல்லரைப் பாத்திரம் கழுவும் சோப்புத் திரவம் தடவி, சுழலும் திசைக்கு எதிராக இதழ்கள் சாய்ந்திருக்கும்படி முறுக்கி உள்ளே தள்ளினேன். கிரீஸ் தடவக் கூடாது. அந்த ரப்பருக்கு எண்ணெய்ப் பொருள் ஆகாது. மூடிக்கடியில் கசிவைத் தடுக்கும் பேப்பர் கேஸ்கெட் புதிது போட்டேன். எஞ்சினைப் போட்டதும் எக்ஸாஸ்டில் தண்ணீர் துப்பித் துப்பிக் கொட்டியது. பார்க்கவே மனது நிறைந்தது. காரணம் கிடைத்தது, மாற்றியாயிற்று, வேலை முடிந்தது என்று வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அடுத்த ஞாயிறு சோதிக்கப் போனோம், நானும் மச்சானும் மட்டும். 1,500 சுற்றில் ஒரு மணி நேரம் ஒன்றுமே இல்லை. 2,400க்கு ஏற்றிய இருபதாவது நிமிடம் முள் ஏறத் தொடங்கியது. இந்த முறை தண்ணீர் வந்துகொண்டுதான் இருந்தது. சுற்றைக் குறைத்தால் முள் இறங்கியது, ஏற்றினால் ஏறியது. மெதுவாக ஓடும்போது நன்றாக இருந்து, சுமை ஏற்றினால் மட்டும் சூடாகிற எஞ்சினில் தண்ணீர் ஓடுகிறது, ஆனால் போதாது என்று அர்த்தம். அது எனக்கு அன்று தெரியவில்லை.

தெரிந்த ஒருவர் மூலமாக ஒரு மெக்கானிக் வந்தார். ஐந்து நிமிடம் பார்த்தார். தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் போட்டுவிடச் சொன்னார், இந்த வெயில் நாட்டில் அது எதற்கு என்றார். கழற்றிவிட்டு ஓட்டினோம். மெதுவான ஓட்டத்தில் எஞ்சின் சூடேறவே இல்லை. 2,400 சுற்றில் முன்பைவிட ஐந்து நிமிடம் தாமதித்து மறுபடி அலாரம். நிறையப் பேர் கொடுக்கும் யோசனை என்பதால் இதைச் சொல்கிறேன். எங்களைப் போல உள்சுற்று உள்ள எஞ்சினில் பலவற்றுக்குப் பைபாஸ் வழி ஒன்று உண்டு. தெர்மோஸ்டாட் இல்லாவிட்டால் கூலன்டில் ஒரு பங்கு எக்ஸ்சேஞ்சர் பக்கமே போகாமல் அந்தக் குறுக்குவழியில் சுற்றிக்கொண்டிருக்கும். தவிர, டீசல் எஞ்சின் குளிர்ந்தே ஓடினால் எரிபொருள் சரியாக எரியாமல் கரி சேரும். அந்தக் கரி எங்கே போய்ப் படியும் என்பது பின்னால் வருகிறது. தெர்மோஸ்டாட் மீது சந்தேகம் இருந்தால் வீட்டு அடுப்படியே போதும். நூலில் கட்டிப் பாத்திரத் தண்ணீரில் அடிதொடாமல் தொங்கவிட்டு, ஒரு தெர்மாமீட்டரோடு சூடாக்கிப் பாருங்கள். எங்களுடையது எழுபதைத் தாண்டியதும் ஒழுங்காகத் திறந்தது. திரும்பப் போட்டுவிட்டேன்.

அதன் பிறகுதான் தோந்தோன் வந்தார். இங்கே பேசும் கிரியோல் மொழியில் மாமா, பெரியப்பா எல்லாருக்கும் தோந்தோன்தான். கரையில் எல்லாரும் அவரை அப்படியே கூப்பிடுவார்கள், நானும் அப்படியே. துறைமுக இழுவைப் படகுகளின் எஞ்சின் அறையில் நாற்பது வருடம் இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய முன்னோர் தமிழ்நாட்டிலிருந்து வந்து ஐந்து தலைமுறை ஆகிறது. கோவிலில் நடந்த மாலை வகுப்பில் தமிழ் படித்தவர் என்பதால் பேசும்போது பாடப்புத்தகம்போல முழு வாக்கியமாகத்தான் பேசுவார். நடுவில் கிரியோல் வரும். அந்தத் தமிழைக் கேட்க எனக்கு அவ்வளவு பிடிக்கும்.

நான் எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். முடிவு வரை கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“உடைந்த மூன்று இதழ்கள் எங்கே இருக்கின்றன, தம்பி?”

என்னிடம் பதில் இல்லை. கணக்கு எழுதிப் பிழைக்கிறவன் நான். மூன்று குறைகிறது என்று கண்ணால் பார்த்தும் அது எங்கே போனது என்று தேடவில்லை. அலுவலகத்தில் மூன்று ரூபாய் குறைந்தால் இரவு எட்டு மணி வரை உட்கார்ந்திருப்பேன். “ஸ்விவ் தெலோ” என்றார் தோந்தோன். தண்ணீரைத் தொடர்ந்து போ என்று பொருள். “தண்ணீர் போன வழியில்தான் அவையும் போயிருக்கும்.”

பம்ப்பிலிருந்து எக்ஸ்சேஞ்சருக்குப் போகும் ஹோஸைக் கழற்றினோம். வளைவான பித்தளை இணைப்பில் ஒரு துண்டு குறுக்கே நின்றிருந்தது. எக்ஸ்சேஞ்சரின் முனை மூடியைத் திறந்தால் குழாய்களின் வாயில் அப்பியபடி நான்கு துண்டுகள். ஆக ஐந்து. நாங்கள் இழந்தது மூன்று! மச்சான் அவற்றைத் துணியில் வைத்துப் பார்த்தான். இரண்டு துண்டுகள் வேறு ஜாதி: தடிமன் அதிகம், கல்லுப்போல இறுகியிருந்தது. முந்தைய சொந்தக்காரர் யாரோ ஒருவரும் இம்பெல்லரை மாற்றி, தண்ணீர் கொட்டுவதைப் பார்த்து, என்னைப் போலவே நிறுத்தியிருக்கிறார். அவர் விட்ட துண்டுகளோடு இத்தனை வருடம் இந்த எஞ்சின் மூச்சு முட்டி ஓடியிருக்கிறது. அதை நினைத்தால் எனக்கு இப்போதும் வருத்தமாக இருக்கிறது.

ரப்பர் துண்டுகள் மட்டும் இல்லை. எக்ஸ்சேஞ்சருக்குள் அரிப்பைத் தான் வாங்கிக்கொள்ளும்படி ஒரு ஜிங்க் துண்டு திருகியிருக்கும். கரையக் கரைய மாற்ற வேண்டும். எங்களுடையது உதிர்ந்து, அந்தத் தூளும் குழாய்களுக்குள் கிடந்தது. மூன்றில் ஒரு பங்குக் குழாய்களில் வெளிச்சமே தெரியவில்லை. குழாய்த் தொகுப்பை உருவி எடுத்து, வெள்ளை வினிகரில் ஓர் இரவு ஊறவைத்து, மறுநாள் ஒவ்வொரு குழாயாக மூங்கில் குச்சி விட்டுத் தள்ளினோம். கம்பி விடக் கூடாது என்று தோந்தோன் கண்டிப்பாகச் சொன்னார். மெல்லிய செம்புச் சுவர், கீறினால் கடல்நீர் கூலன்டோடு கலந்துவிடும். அன்று மதியம் அவர் வீட்டிலிருந்து சோறும் முரூம் கீரைக் குழம்பும் பிப்பங்காய்ப் பொரியலும் வந்தது. முருங்கையும் பீர்க்கங்காயும் கிரியோலுக்குள் புகுந்து அந்தப் பெயரோடு இந்தத் தீவு முழுக்கப் புழங்குகின்றன. எக்ஸ்சேஞ்சரைத் துணியில் காயவைத்துவிட்டுத் தளத்தில் உட்கார்ந்து சாப்பிட்டோம்.

எல்லாவற்றையும் பூட்டி ஓட்டினால், நல்ல முன்னேற்றம். 2,400 சுற்றில் அரை மணி நேரம் தாங்கியது. ஆனால் முள் 88இல் நின்றது, இறங்கவில்லை. அலாரம் அடிக்காததால் எனக்கும் மச்சானுக்கும் இது போதும் என்று தோன்றியது. தோந்தோன் தலையை ஆட்டினார். “தூசமான், தம்பி. இன்னும் கணக்கு முடியவில்லை.” அவசரப்படாதே என்கிறார்.

அவர் செய்தது வாளிச் சோதனை. எனக்குத் தெரிந்த சோதனைகளிலேயே செலவில்லாததும் பொய் சொல்லாததும் இதுதான். எக்ஸ்சேஞ்சரிலிருந்து எல்போவுக்குப் போகும் ஹோஸை எல்போப் பக்கம் கழற்றி, பத்து லிட்டர் வாளிக்குள் விட்டு, எஞ்சினைக் கொஞ்ச நேரம் மட்டும் 1,800 சுற்றில் ஓட்டினோம். வாளி நிறைய 42 விநாடி. அந்த நேரத்தில் எல்போவுக்குத் தண்ணீர் போகாது, ரப்பர் எக்ஸாஸ்ட் ஹோஸ் வெந்துவிடும். ஆகவே ஒரு நிமிடத்துக்குள் அணைத்துவிட வேண்டும். பிறகு ஹோஸை மாட்டிவிட்டு, மச்சான் சின்னப் படகில் பின்பக்கம் போய் எக்ஸாஸ்ட் வாயில் அதே வாளியைப் பிடித்தான். அதே சுற்றில் 95 விநாடி. பம்ப் அனுப்புவதில் பாதிகூட வெளியே வரவில்லை. கசிவும் எங்குமில்லை. மிச்சமிருந்தது எல்போ ஒன்றுதான்.

இதற்கிடையே ஒரு விபத்தையும் தவிர்த்தோம். ஹோஸ்களை மாட்டிய பிறகு எரிபொருளில் காற்று புகுந்து எஞ்சின் கிளம்பாமல் அடம்பிடித்தது. மச்சான் ஸ்டார்ட்டரை விடாமல் திருகினான். தோந்தோன் ஓடிவந்து சீகாக்கை மூடினார். எஞ்சின் கிளம்பாமல் சுழலும்போதும் பம்ப் கடல்நீரை உள்ளே தள்ளிக்கொண்டே இருக்கும். அதை வெளியே ஊதித் தள்ளப் புகை இருக்காது. எக்ஸாஸ்ட் வழியில் தண்ணீர் தேங்கும் வாட்டர்லாக் பெட்டி நிரம்பி, தண்ணீர் பின்வாங்கி எக்ஸாஸ்ட் வழியாகச் சிலிண்டருக்குள் போய்விடும். அப்படிப் போனால் சூடாகிற எஞ்சின் என்ற பிரச்சினை போய், எஞ்சினே இல்லை என்ற பிரச்சினை வரும். கிளம்ப மறுக்கும் எஞ்சினைத் திருகும்போது சீகாக்கை மூடி வையுங்கள். பிடித்துக்கொண்ட அந்த நொடியே திறந்துவிடுங்கள். மறக்காமல் இருக்க, சாவியைச் சீகாக் பிடியில் மாட்டி வைக்கும் பழக்கம் எங்களுக்கு இப்போது உண்டு.

எல்போவைக் கழற்ற ஒரு முழு நாள் ஆயிற்று. நட்டுகள் துருவில் இறுகியிருந்தன. துரு இளக்கும் எண்ணெயை முந்தின இரவே ஊற்றி, சூடுகாட்டி, மெதுவாகத் திருகினோம். முரட்டுத்தனம் காட்டினால் நட்டு ஏறியிருக்கும் ஸ்டட் கம்பி ஒடிந்து வேலை மூன்று மடங்காகும். வெளியே எடுத்து உள்ளே பார்த்தபோது, புகை போகிற வழியில் என் சுண்டுவிரல் நுழையவில்லை. கரியும் உப்பும் கெட்டிப்பட்டுக் கருங்கல்லாகியிருந்தது. தண்ணீர் சேரும் துளை அதைவிட மோசம். புகைக்கு வழியில்லாததால் எஞ்சின் திணறியிருக்கிறது. கறுப்புப் புகை வந்ததையும், படகின் அடியில் ஒட்டியிருக்கும் சிப்பியால் ஏற்படும் பாரம் என்று நாங்களே சொல்லிச் சமாதானமாகியிருந்தோம். சிப்பி ஒட்டிய புரொப்பெல்லரும் அதே புகையைக் காட்டும் என்பதால் அதில் முழுத் தவறும் இல்லை. ஆனால் மூழ்கிப் பார்த்தபோதே புரொப்பெல்லர் சுத்தமாக இருந்ததை நான் பார்த்திருந்தேன்.

உளியால் செதுக்கிச் சுத்தம் செய்து பழையதையே போடலாம் என்றுதான் முதலில் நினைத்தோம். கரியை எடுத்ததும் வார்ப்பிரும்புச் சுவர் அட்டைபோல மெலிந்திருப்பது தெரிந்தது. ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் புதியது வரவழைத்தோம். கப்பலில் வந்துசேர மூன்று வாரம். தீவில் வாழ்கிறவர்கள் உதிரி பாகத்தை முன்கூட்டியே வாங்கி வைக்கவேண்டும். இரண்டு இம்பெல்லர், கேஸ்கெட், ஒரு பெல்ட், ஒரு தெர்மோஸ்டாட், நான்கு ஜிங்க், இவை இப்போது படகிலேயே டப்பாவில் இருக்கின்றன.

காத்திருந்த மூன்று வாரத்தில் ஒரு இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் வாங்கினேன். பளபளப்பான உலோகத்தில் அது தப்பாகக் காட்டும். அளக்கிற இடங்களில் கறுப்பு டேப் சின்னதாக ஒட்டிவைத்தால் போதும், ஒவ்வொரு முறையும் அதே புள்ளியில் அளக்கலாம். அதோடு எக்ஸாஸ்ட் ஹோஸில் எல்போவுக்கு அடுத்து ஒரு சூட்டு அலாரத்தைக் கட்டினேன். எஞ்சினின் சொந்த அலாரம் கூலன்ட் சூடானால்தான் அடிக்கும். கூலன்ட் கொட்டிப்போய் சென்சார் காற்றில் தொங்கினால் அதுவும் சரியாக அடிக்காது. கடல்நீர் நின்றால் முதலில் சூடாவது எக்ஸாஸ்ட் ஹோஸ்தான். நன்றாக ஓடும் எஞ்சினில் அந்த ஹோஸைக் கையால் பிடித்துக்கொண்டு இருக்க முடியவேண்டும்.

அக்டோபர் கடைசியில், புயல் காலம் தொடங்குவதற்கு முன், புது எல்போவோடு போனோம். தோந்தோனும் வந்தார். காப் மாலெரே தேவாலயத்தின் சிவப்புக் கூரை தெரிகிற இடத்திலிருந்து குவான் தெ மீர் பக்கமாக 2,400 சுற்றில் நாற்பது நிமிடம். முள் 78இல் ஏறி நின்றது. அதற்கு மேல் அசையவில்லை. பழைய சோதனையின் 1,800 சுற்றில் வாளி 45 விநாடியில் நிறைந்தது. தோந்தோன் எஞ்சின் மூடியைத் திறந்து எக்ஸாஸ்ட் ஹோஸின் மேல் கையை வைத்தார், எடுக்கவே இல்லை. மச்சான் மகனையும் கூப்பிட்டு அவன் கையையும் அதன்மேல் வைத்தார்.

குறிப்பேட்டில் அன்றைய வரி இது: 2,400 சுற்று, 78 டிகிரி, வாளி 45 விநாடி, கடல்நீர் 24 டிகிரி. மாதம் ஒரு முறை இதே நான்கு எண்களை எழுதுகிறோம். சீகாக்கிலிருந்து பம்ப் வரை போகும் ஹோஸ் மட்டும் இன்னும் பழையது. வெளியே நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் அழுத்திப் பார்த்தால் ஓரிடத்தில் மெத்தென்று அமுங்குகிறது. உள்ளடுக்கு பிரிந்திருந்தால் உறிஞ்சும்போது சப்பிக்கொள்ளும். புது ஹோஸை அளந்து வாங்கியாயிற்று. வருகிற சனிக்கிழமை மாற்றுகிறோம்.